கிணற்றுக்குள் வேப்பிலை

நான் சொன்னது ஒரே ஒரு "ஆமா". அந்த ஒரு சொல்லுக்காக என் அம்மா முப்பது அடிக் கிணற்றுக்குள் இறங்கினாள்.

என் பெயர் மோகனப்ரியா. திருப்பதியில் நிலவியல் ஆராய்ச்சி செய்கிறேன். சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது என்று, அம்மா தனபாக்கியம் தன் பங்குக்கு, "பொண்ணு கல்லுல டாக்டரு படிக்கிது" என்று சொல்லி வைத்திருக்கிறாள். மாட்டு டாக்டர் மாதிரி இதுவும் ஒன்று போலிருக்கிறது என்று மரியாதை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் நாலு வருஷமாகத் தேடியது ஷேல் என்கிற கல். ஒரு காலத்தில் தண்ணீருக்கடியில் படிந்த சேறு, அழுந்தி அழுந்திக் கல்லானது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நகத்தால் கீறினால் கோடு விழும். பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். வாயால் ஊதி முகர்ந்தால் மண்வாசனை வரும். ஒரு துணுக்கைப் பல்லில் கடித்துப் பார்ப்போம். நறநறவென்றால் மணல் கலந்தது, வழுக்கினால் சுத்தக் களிமண். நான் கடித்ததைப் பார்த்துவிட்டு, "தனம் பொண்ணு கல்லு துன்னுது" என்று ஊரே ஒரு மாசம் சிரித்தது.

எனக்கு வேண்டியது வெறும் ஷேல் இல்லை. ஏடுகளுக்கு நடுவில் இலை பதிந்த ஷேல். பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வளர்ந்த செடிகள். ரோட்டோரம், ஏரிக்கரை, கால்வாய் வெட்டிய இடம் என்று எங்கெல்லாமோ சுற்றியும் எனக்குக் கிடைத்தது முழுக்க அரை இலை, கால் இலைதான். கடைசியில் கிடைத்தது என் சொந்தத் தாய்மாமன் கன்னையாவின் கிணற்றில்.

வைகாசியில் கிணறு வற்றிவிட்டது. மாமா ஆழப்படுத்த ஆரம்பித்தார். ஹரிபாபு என்கிற தெலுங்குக்காரன் கிரேன் கொண்டுவந்து போட்டு மண் அள்ளினான். ஆனி கடைசியில், முப்பதாவது அடியில் வெள்ளைக் கல் வந்ததும் மாமாவே போன் செய்தார். "ப்ரியா, நீ தேடிக்கினு இருப்பியே அந்தக் கல்லு, நம்ம கெணத்துல வந்துகீது."

அன்றைக்கே போய் இறங்கினேன். மேற்குச் சுவரில், நின்றால் முகத்துக்கு நேரே, முறத்தைவிடப் பெரிய ஒரு பலகைக் கல். மேல் ஏட்டை நெம்பி எடுத்தேன். உள்ளே நடுக்காம்பும் இரண்டு பக்கமும் வரிசையாகச் சிற்றிலைகளும், நரம்பு முதற்கொண்டு ஒன்றும் கெடாமல் இருந்தது. ஒன்றல்ல, ஏழு இலைகள். கிணற்றுக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் அங்கே வெடி வைப்பதாக இருந்தார்கள். எங்கள் பேராசிரியர் வெளிநாடு போயிருந்தார், வர மூன்று வாரமாகும். அவர் வந்து பார்த்து, அளந்து, பலகையை முழுசாக அறுத்தெடுக்க வேண்டும். மாமாவிடம் மூன்று வாரம் வேலையை நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன்.

"கல்லுல எல இருந்தா இன்னா, பூ இருந்தா இன்னா? தண்ணி கீதான்னு சொல்லு, அதுக்குத்தான படிச்சே?" என்றார் மாமா.

அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. பெயர்த்தெடுத்த மேல் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் மனைவி செங்கமலம் அத்தை மோர் கொண்டுவந்தவள், என் மடியைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடியே ப்ரியா, இது வேப்பிலயாடி?"

அது வேப்பிலை இல்லை. பூங்காக்களில் அழகுக்கு வைக்கிற சைகஸ் செடிக்கு அது தூரத்துச் சொந்தம். அந்த இலை மண்ணில் விழுந்த காலத்தில் வேப்பமரமே உலகத்தில் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அத்தையின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். இவள் ஒருத்தி நம்பினால் மாமா வெடி வைக்கமாட்டார் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன்.

"ஆமா அத்தே," என்றேன். "வேப்பிலதான்."

அன்று மாலைக்குள் தெருவே கிணற்று மேட்டில் நின்றது. அம்மனே கெணத்துல வந்து உக்காந்துகீறா என்றார்கள். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிரேனை நிறுத்தச் சொன்னார். நான் கமுக்கமாகச் சிரித்துக்கொண்டே திருப்பதி பஸ் ஏறினேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

விடுதி அறையில், ஊரிலிருந்து கொண்டுவந்த ஷேல் துணுக்குகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் ஜன்னலோரம் காய்ந்து கிடந்தவை. ஒன்றில் அழுக்கு இருந்தது, ஊறட்டும் என்று தண்ணீர் டம்ளரில் போட்டேன். பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் டம்ளருக்குள் கல் இல்லை. அடியில் சேறுதான் இருந்தது. காய்ந்த ஷேல் நனைந்தால் உப்பி உதிரும் என்று பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். என் கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போன் செய்தாள். பின்னால் பம்பைச் சத்தம்.

"ப்ரியா, நீ வந்திருக்கலாமில்ல? இன்னிக்கு அம்மனுக்கு நூத்தியெட்டுக் கொடம் மஞ்சத்தண்ணி ஊத்தறோம். பொறந்த வீட்டுப் பொம்பளதான் மொதக் கொடம் ஊத்தணுமாம். நான், உங்க அத்தெ, அவ பொண்ணு ஹரிதா மூணு பேரும் எறங்கறோம்."

"எங்கம்மா ஊத்துவீங்க?"

"வேப்பில மேலதான். வேற எங்க ஊத்துவாங்க?"

"அம்மா, எறங்காதே. நான் சொல்றதக் கேளு, எறங்காதேம்மா!"

பம்பைச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "போன்ல சிக்னல் கோடு வந்ததும் பண்றேன்," என்று வைத்துவிட்டாள். கிணற்றுக்குள் கோடு எங்கிருந்து வரும்?

அந்த மேற்குச் சுவர் எப்படி இருக்கிறது என்று என் நோட்டில் நானே வரைந்து வைத்திருக்கிறேன். ஷேல் ஏடுகள் கிணற்றின் பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அதன் தலைமேல் இருபது அடிக்கு மேல் செம்மண்ணும் கூழாங்கல்லும். மூன்று வாரமாக வெயிலில் காய்ந்து வெடித்த ஏடுகளுக்குள் நூற்றெட்டுக் குடம் தண்ணீர் போனால், மேலே இருக்கிற பாரம் மொத்தமும் சோப்பு தடவிய பலகையில் உட்கார்ந்த மாதிரிதான். சரிந்தால் நேராக முகத்தை வைத்து ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் மேல்தான் சரியும்.

சுத்தியல் இருந்த பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரேணிகுண்டா தாண்டி, புத்தூர் தாண்டி, பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. மாமாவுக்குப் பதினாறு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. அம்மாவுடையது அணைந்திருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள், "ஏம்மா, யாருக்காச்சும் முடியலியா?" என்று கேட்டாள். என்னவென்று சொல்வேன்? நான் ஒரு பொய் சொன்னேன், அது இப்போது என் அம்மாவைக் கொல்லப்போகிறது என்றா?

நாகலாபுரத்தில் ஹரிபாபு போனை எடுத்தான். பூஜைக்குக் குடம் இறக்கவும் ஆட்களை இறக்கவும் அவன் கிரேன்தான்.

"எத்தனை கொடம் ஆச்சு?"

"நாப்பத்தி மூணு மேடம். சின்னச் சின்னக் கல்லு விழுந்துக்கினு இருக்குது மேடம். நாகு பயமேஸ்துந்தி, பயமா இருக்குது மேடம். பெரியவரு சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

"ஹரிபாபு, அவங்கள மேல ஏத்துங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொன்னேன் மேடம். பாதியில நிறுத்துனா அம்மனுக்குக் கோவம்னு உங்க அத்தெ கத்துறாங்க."

ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கிணற்றைச் சுற்றி ஐம்பது பேர். மேற்குக் கரையில் பம்பைக்காரர்கள் நால்வரும் குதித்துக் குதித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலுக்குப் பின்னால், கிணற்று விளிம்பிலிருந்து நாலடி தள்ளி, மண்ணில் நீளமாக ஒரு விரிசல். விரலை விட்டுப் பார்த்தேன். முழு விரலும் போயிற்று. ஒன்றும் யோசிக்காமல் பம்பையைப் பிடுங்கித் தூரப் போட்டு, "நகருங்கய்யா, எல்லாரும் நகருங்க!" என்று கத்தினேன்.

மாமா ஓடிவந்தார். "இன்னாமே, பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிச்சா?"

"மாமா, செவுரு விழப்போவுது. இந்த விரிசலப் பாருங்க."

"வெயிலுக்கு வெடிச்சிகீது. எல்லா ஊர்லயும் வெடிக்கும்."

"மாமா, அது அம்மன் இல்ல. வேப்பிலயும் இல்ல. வெடி வெக்கக் கூடாதுன்னு நான் பொய் சொன்னேன்."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவின் முகம் கறுத்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால்கூடத் தேவலை.

"நேத்து அம்மன்னு சொன்னே, இன்னிக்கு இல்லன்றே. எதும்மா பொய்யி?" என்றார். "படிச்ச திமிரு உனுக்கு. இன்னும் இருபது கொடம்தான் பாக்கி. ஊத்தி முடிச்சிட்டு வருவாங்க, அதுக்கப்புறம் உன் பஞ்சாயத்த வெச்சிக்கலாம்."

எட்டிப் பார்த்தேன். கீழே அகல் வெளிச்சத்தில் மூன்று தலைகள். மஞ்சள் தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. அது வழிந்த இடமெல்லாம் வெள்ளைக் கல் கறுத்துப் பிதுங்கியிருந்தது. "அம்மா!" என்று கத்தினேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, பயப்படாதே என்பதுபோல் கையை ஆட்டினாள். சுவரிலிருந்து தேங்காயளவு கூழாங்கல் ஒன்று பெயர்ந்து அவள் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவள் தள்ளி நின்றுகொண்டு அடுத்த குடத்தை வாங்கினாள்.

ஹரிபாபுவிடம் போய், "என்னை இறக்குங்க," என்றேன்.

"ஒத்து மேடம், வேணாம்."

"அவங்க மேல வரமாட்டாங்க. நான் போனாத்தான் வருவாங்க. இறக்குங்க!"

அவன் மாமாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு நெற்றியில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்பினான். நான் கிரேனில் தொங்கிய மண் அள்ளுகிற தொட்டியில் ஏறிக் கம்பியைப் பிடித்தேன். இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது, ஈர மண்வாசனை ஏறியது. பிடிக்கிற வாசனை அது, அன்று குமட்டியது. சுவருக்குள் என்னவோ நசநசவென்று சத்தம் கேட்டது. ஏடுகளுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம்.

தொட்டி தரை தட்டியதும் அம்மாவின் கையைப் பிடித்தேன். "ஏறும்மா."

"இருடி, இன்னும் பதினெட்டு கீது."

"அத்தே, அது வேப்பில இல்ல. நான் பொய் சொன்னேன். சாமி சத்தியமாப் பொய் சொன்னேன். ஏறுங்க, செவுரு விழப்போவுது."

செங்கமலம் அத்தை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா இங்க குந்திக்கினு இருக்கும்போது செவுரு எப்பிடிடி விழும்? வுழ வுட்டுருவாளா?" அவள் மகள் ஹரிதா, பத்தொன்பது வயசு, குங்குமத் தட்டோடு அழுகிற நிலையில் நின்றாள். அவளுக்கும் பயம்தான். அம்மாவை மீறி ஏற முடியவில்லை.

இனி வாயால் சொல்லிப் புண்ணியமில்லை என்று தெரிந்தது. இவர்களுக்குக் கல்லைப் பற்றி நான் சொல்வது ஏறாது. இவர்களுக்கு ஏறுகிற ஒன்றுதான் மிச்சம். பின்னமான சாமிக்கு ஊரில் யாரும் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். மூக்கு உடைந்த சிலையானாலும் சரி, கீறல் விட்ட படமானாலும் சரி, அதன் எதிரே நிற்கக்கூட மாட்டார்கள்.

பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன்.

பலகை மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. அதற்கடியில் ஏழு இலைகளும் நனைந்து, அன்று பார்த்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தன. நாலு வருஷம் இதற்காகத்தான் அலைந்தேன். கை ஒரு கணம் நின்றது. பொய் சொல்வானேன், நின்றது. தலைக்கு மேலே இன்னொரு கூழாங்கல் உருண்டது. ஓங்கி நடுவில் அடித்தேன். ஊறிப்போன கல், சத்தம்கூட வரவில்லை, பொத்தென்று உள்வாங்கியது. ஏழு இலைகளும் சேறாகிக் காலில் விழுந்தன.

அத்தை போட்ட கூச்சலில் மேலே பேச்சு நின்றது. குடம் கை நழுவி உடைந்தது. "பாவி! பாவி! அம்மா மொகத்துல அடிச்சிட்டாளே! அடியே ஹரிதா, வாடி, இங்க நிக்காதடி, நம்ம குடும்பத்துக்கு ஆவாது!" ஹரிதாவை இழுத்துக்கொண்டு அவளே தொட்டியில் ஏறினாள். நான் அம்மாவையும் உள்ளே தள்ளப் பார்த்தேன். அம்மா அசையவில்லை.

"மூணு பேரு ஏறலாம்மா, போ!"

"நீ?"

"அடுத்ததுல வரேன்."

"அப்ப நானும் அடுத்ததுல வரேன்," என்றாள்.

தொட்டி மேலே போயிற்று. அது போய், அவர்களை இறக்கி, திரும்பி வருகிறவரை அம்மாவும் நானும் கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டி நின்றோம். எதிர்ச்சுவர் மெதுவாக முன்னால் வருவதைப் பார்த்தேன். பிரமையோ என்று அகலின் நிழலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிரமை இல்லை, வந்துகொண்டுதான் இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் பதிந்தது.

தொட்டி வந்தது. அம்மாவை முதலில் ஏற்றி, நான் விளிம்பில் தொற்றிக்கொண்டேன். "எத்து! தூக்கு!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பத்தடி ஏறியிருப்போம். மேற்குச் சுவர் ஒரே துண்டாக வழுக்கி இறங்கியது. அகல் அணைந்தது. புழுதி, கூழாங்கல், சேறு எல்லாம் ஒன்றாகக் காலுக்குக் கீழே போய் விழுந்தது. ஒரு கல் என் கணுக்காலில் பட்டு எலும்பு நொறுங்குகிற வலி. தொட்டி பெண்டுலம் மாதிரி ஆடியது. அம்மா என் பின்னலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். ஹரிபாபு இன்ஜினை நிறுத்தவில்லை. அவன் அன்று நிறுத்தியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

மேலே வந்து விழுந்தோம். பம்பைக்காரர்கள் நின்ற இடமே இப்போது இல்லை. கிணறு பாதி மூடிக் கிடந்தது. எல்லோரும் தூரத்தில் நின்றார்கள், யாரும் கிட்டே வரவில்லை. மாமா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

செங்கமலம் அத்தைதான் முதலில் பேசினாள். "பாத்தீங்களா? இவ ஒடச்சா, அம்மா கோவத்துல கெணத்தயே மூடிக்கினா." ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள். அவர்கள் உயிரோடு நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அம்மா என்னைக் கைத்தாங்கலாகப் பம்ப்செட் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். முந்தானையைக் கிழித்துக் கணுக்காலில் சுற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அது வேப்பில இல்லன்னு எறங்குன ஒடனே எனக்குத் தெரிஞ்சிச்சி," என்றாள், கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேப்பிலைக்கு ஓரமெல்லாம் ரம்பப் பல்லு மாதிரி இருக்கும். அதுக்கு மழுங்கலா இருந்திச்சி. தெனம் பறிக்கறவ, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமாம்மா ஊத்திக்கினு இருந்தே?"

"நீ ஆமான்னு சொன்னியே," என்றாள் அம்மா. "இவ்ளோ படிச்ச புள்ள தப்பாவா சொல்லும், என் கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சிக்கினேன்."